முருங்கை மரம் வரைக்கும் வயர்

பையை மேல வெக்க வேண்டாங்க, மடியிலயே இருக்கட்டும். உள்ள வயர் இருக்குதுங்க. மேல வெச்சா எவனாச்சும் பலாப்பழத்தைக் கொண்டாந்து அது மேல ஏத்திருவான். நீங்க ஜன்னலோரம் உக்காருங்க. பொள்ளாச்சி வரைக்குங்களா? நானும் அங்கதான். பல்லடம் தாண்டிட்டாக் காத்து நல்லா வரும்.

தப்பா நெனைச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்றனுங்க. அந்தச் செல்லை நெஞ்சுக்கு நேரா சட்டைப் பையில வெக்காதீங்க. அலை வருதுங்க. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேக்காது, ஆனா வந்துட்டே இருக்கும். என்னுதுங்களா? இதுவும் சட்டைப் பைதான். ஆனா தோல் உறை போட்டிருக்கறேன் பாருங்க. தோலு தடுத்துரும். ராத்திரி தலகாணிக்கு அடியில வெச்சாக்கூட ஒண்ணும் பண்ணாது, காலையில அலாரம் அடிக்க வேணுமில்லீங்களா? செல்லை நான் குத்தம் சொல்ல மாட்டனுங்க. செல்லு பாவம். குடும்பத்தைக் கெடுக்கறது கார்ட்லெஸ்ஸு.

ஊட்டுக்குள்ள வெச்சுப் பேசறது இருக்குதுங்களே, வயர் இல்லாத போனு, டப்பா ஒரு பக்கம், கையில எடுத்துட்டுப் போறது ஒரு பக்கம், அதேதான். உங்க ஊட்டுலயும் இருக்குதுங்களா? ஐயோ. உங்க சம்சாரம் நல்லா இருக்கறாங்களா? நல்லாத்தான் இருப்பாங்க. மொதல்ல எல்லாம் நல்லாத்தான் இருப்பாங்க.

என் பேரு சென்னியப்பனுங்க. திருப்பூர்ல கரண்ட் ஆபீஸ்ல முப்பது வருஷம். அதனால அலை, கதிரு, மின்சாரம் இதுல நம்மகிட்ட யாரும் வாய் கொடுக்க முடியாது. நான் பார்த்தது தபால் செக்ஷன்தான், இல்லைங்கல. ஆனா கட்டடம் ஒண்ணுதானுங்களே.

எங்க ஊட்டுக்கு மொத மொதல்ல போன் வந்தப்ப அதை ஹால்ல வெச்சோமுங்க. என் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூலு, அது மேல போனு, அது மேல துளசிமணி பின்னின கவரு. துளசிமணிங்கறது என் சம்சாரம். அவ தங்கச்சி வசந்தாமணி, பொள்ளாச்சியில கட்டிக் குடுத்திருக்குது. அக்காளும் தங்கச்சியும் பேச ஆரம்பிச்சா அடுப்புல பருப்பு வெந்து, குழைஞ்சு, அடி புடிச்சு, பக்கத்து ஊட்டுக்காரங்க வந்து சொல்லணும். ராங் நம்பர் வந்தாக்கூட விட மாட்டாளுங்க. ஒருக்கா திண்டுக்கல்லுல இருந்து யாரோ ஒரு அம்மா சிமெண்டு கடைன்னு நெனைச்சுக் கூப்பிட்டுருச்சு. 'கடை இல்லீங்க, ஊடுங்க. நீங்க ஊடு கட்டறீங்களா? எத்தனை ரூமுங்க?'ன்னு ஆரம்பிச்சா. அந்தம்மா கிரகப்பிரவேசத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வந்துச்சுங்க. போயிட்டு வந்தோம்.

அவ பேசறப்ப நான் பக்கத்துல பேப்பர் படிச்சுட்டு இருப்பேன். ஒட்டுக் கேக்கறதுன்னு சொல்ல முடியாதுங்க, காது தொறந்துதானே இருக்குது. நடுவுல நடுவுல 'என்னவாம்?'னு கேப்பேன். அவ ரிசீவரைக் கையால பொத்திட்டு, 'வசந்தா ஊட்டு மாடு கன்னு போட்டுருச்சாமாங்க'ம்பா. 'என்ன கன்னு, கேளு'ம்பேன். கேப்பா. 'கெடாரியாமாங்க.' 'சீம்பால் காய்ச்சுனாங்களான்னு கேளு.' அதையும் கேப்பா. இப்படிக் கூட இருந்து எடுத்துக் குடுப்பனுங்க. ரெண்டு பேர் பேசறதுல நானும் பொறுப்பாக் கலந்துக்குவேன். எந்தப் புருஷன் இவ்வளவு அக்கறையா இருக்கறான், சொல்லுங்க? ஒரு சண்டை வந்ததில்லீங்க எங்களுக்குள்ள.

அப்பத்தான் தீபாவளிக்கு எங்க பையன் யுவராஜு பெங்களூர்ல இருந்து இந்தச் சனியனை வாங்கிட்டு வந்தான். 'அம்மா, இதுல நடந்துட்டே பேசலாம்'ங்கறான். 'பேசறதுக்கு எதுக்குடா நடக்கணும்? வாயிலதானே பேசறா, காலுலயா?'ன்னேன். அவன் சிரிச்சுட்டுப் போயிட்டான்.

மொத நாளு சமையக்கட்டு வரைக்கும் போனா. சரி, அடுப்பைப் பார்த்துட்டே பேசறா, நல்லதுதான்னு இருந்துட்டேன். அடுத்த நாளு பொடக்காளிக் கதவைத் தொறந்துட்டு ஊட்டுக்குப் பின்னால போயிட்டா. அங்க ஒரு முருங்கை மரம். மரத்துக்கு அடியில துணி தொவைக்கற கல்லு. அந்தக் கல்லு மேல ராணியாட்டம் உக்காந்துட்டா. நான் ஹால்ல இருந்து, 'என்னவாம்?'னு கேக்கறேன். பதில் இல்ல. சத்தமா, 'என்னவாம்?'ங்கறேன். எதுத்த ஊட்டுக்காரரு எட்டிப் பார்த்து, 'ஒண்ணுமில்லீங்க'ங்கறாரு.

அப்பறம் ஒரு சிரிப்புங்க. முருங்கை மரத்துக்கு அடியில இருந்து வருது. கலகலன்னு, மூச்சு வாங்கற மாதிரி. கல்யாணமான நாள்ல இருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லீங்க. எங்கிட்டச் சிரிச்சிருக்கறா, இல்லைங்கல, ஆனா அது வேற, அளவாச் சிரிப்பா. இது ஒரு மாதிரி. எனக்கு அப்பவே சந்தேகம். இது இயற்கையான சிரிப்பு இல்ல, என்னமோ மூளையைத் தாக்குதுன்னு.

பேப்பரை எடுத்துட்டு நானும் பொடக்காளிக்குப் போனனுங்க, வெளிச்சத்துல படிக்கலாம்னு. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு மாடிப்படி ஏறிட்டா. எனக்கு முட்டி வலி. அவளுக்குத் தெரியும் எனக்கு முட்டி வலின்னு.

காலையில என் கூட வாக்கிங் வர்றவரு ஆறுக்குட்டின்னு, பனியன் கம்பெனி வெச்சிருந்தவரு, விவரமான ஆளு. அவருகிட்ட சொன்னேன். ரெண்டு ரவுண்டு நடந்துட்டு, 'சென்னியப்பா, அது ரேடியேஷன்'னாரு. 'டப்பா இருக்குது பாரு, அது ராவும் பகலும் அலையைத் தள்ளிட்டே இருக்கும். பேசுனாலும் தள்ளும், பேசாட்டியும் தள்ளும்'னாரு. அன்னைக்கிருந்து கவனிக்க ஆரம்பிச்சேன். கவனிச்சா எல்லாமே ஒத்து வருதுங்க! அவ போனை எடுத்துட்டுப் பின்னால போறா, எனக்குத் தலை வலிக்குது. அவ பேசப் பேச வலி ஏறுது. சிரிச்சாள்னா நெத்திப் பொட்டு தெறிக்குது. போனை வெச்சுட்டு உள்ள வந்து, 'காப்பி குடிக்கறீங்களா'ன்னு கேட்டா வலி போயிருது. இதுக்கு மேல ஆதாரம் என்னங்க வேணும்?

அவளுக்கு ஒண்ணுமே பண்ணலீங்க, அதுதான் ஆச்சரியம். நல்லாச் சாப்பிடறா, நல்லாத் தூங்கறா, மொகம் பளபளன்னு ஆயிருச்சு. ஆறுக்குட்டிகிட்ட கேட்டா, 'மொதல்ல அப்படித்தான் இருக்கும்'னாரு.

சரின்னு அவளை டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனேன். அந்தம்மா பிரஷர் பார்த்து, எல்லாம் பார்த்து, 'இவங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களே'ன்னாங்க. நான் கார்ட்லெஸ் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாத்தான் கேட்டாங்க. 'இதுல வர்ற அலை ரொம்பக் கம்மிங்க, செல்போனை விடக் கம்மி. கெடுதல்னு இது வரைக்கும் யாரும் நிரூபிக்கல. பயமா இருந்தா டப்பாவைப் படுக்கைக்குப் பக்கத்துல வெக்காதீங்க, அது போதும்'னாங்க. துளசிமணி என்னை ஒரு பார்வை பார்த்தா. ஆனா நான் கவனிச்சுட்டனுங்க. அந்தம்மா மேசை மேலயே ஒரு கார்ட்லெஸ் உக்காந்திருக்குது! அப்பறம் எப்படி உண்மையைச் சொல்லும்?

அதனால நானே நடவடிக்கை எடுத்தேன். எங்க ஊட்டுல அரிசி கொட்டி வெக்கறதுக்கு ஒரு எவர்சில்வர் டிரம்மு இருக்குதுங்க, சாமான் அறையில. அரிசியைச் சாக்குல மாத்திட்டு, போன் வயரை அங்க வரைக்கும் இழுத்து, டப்பாவைத் தூக்கி உள்ள வெச்சு, வயருக்கு மட்டும் ஒரு சந்து விட்டு மூடியைப் போட்டுட்டேன். எவர்சில்வரைத் தாண்டி அலை வருமா? வராதுங்க. பொடக்காளிக்குப் போனா கொர்ருன்னு சத்தம்தான் கேக்குது. மாடிக்குப் போனா அதுவும் இல்ல. எனக்கு நிம்மதியாப் போச்சு. இனி ஹாலுக்குத்தானே வரணும்?

வரலீங்க. ஸ்டூலைத் தூக்கிட்டுச் சாமான் அறைக்குள்ளயே போயிட்டா. டிரம்முக்குப் பக்கத்துல உக்காந்து, கதவைச் சாத்திட்டுப் பேசறா! ரேடியேஷன் ஊத்து எங்க பொங்குதோ அங்கயே போயி உக்காந்துட்டா. நான் வெளிய நின்னு கதவைத் தட்டறேன். 'துளசிமணி, உன் உடம்புக்காகத்தான் சொல்றேன்'ங்கறேன். உள்ள இருந்து, 'வசந்தா, இரு, அரிசி வேணுமாட்ட இருக்குது'ன்னு சொல்றா. மறுபடியும் அதே சிரிப்பு.

எனக்கு அன்னைக்கு வந்துதுங்க பாருங்க ஒரு கோவம். மறுநாள் அவ கோயிலுக்குப் போனப்ப கார்ட்லெஸ்ஸைக் கழட்டி, டப்பாவோட பீரோவுல வெச்சுப் பூட்டி, பழைய போனைத் தொடைச்சு, ஸ்டூலு மேல, என் நாற்காலிக்குப் பக்கத்துல வெச்சுட்டேன். கவரையும் தேடி எடுத்துப் போட்டேன். பொறுப்புன்னா அப்படித்தானுங்களே.

அவ வந்து பார்த்தா. சண்டை போடுவான்னு நெனைச்சேன். நானும் பதிலெல்லாம் தயார் பண்ணி வெச்சிருந்தேன், டாக்டரம்மா மேசை மேல இருந்த கார்ட்லெஸ் உட்பட. திருநீறு குடுத்தா. உள்ள போயிட்டா.

சாயங்காலம் வசந்தா கூப்பிட்டுச்சு. நானே எடுத்து, 'இந்தா பேசு'ன்னு குடுத்தேன். நின்னுட்டே வாங்குனா. 'நல்லா இருக்கறேன். ம்ம். சரி. வெச்சிரட்டா?' அவ்வளவுதான். 'என்னவாம்?'னு கேட்டேன். 'ஒண்ணுமில்லீங்க'ன்னா. அடுத்த நாளும் அதேதான். 'என்னவாம்?' 'ஒண்ணுமில்லீங்க.' பையன் கூப்பிட்டாலும் ஒண்ணுமில்ல. திண்டுக்கல் அம்மா கூப்பிட்டாலும் ஒண்ணுமில்ல. வர வரப் போன் வர்றதே நின்னுபோச்சு. ஊட்டுல கரண்டி விழுந்தாத்தான் சத்தம்.

அலைதான் போச்சே, தலைவலி போகணுமில்லீங்களா? போகல. இன்னும் ஜாஸ்தியாயிருச்சு! அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. அத்தனை மாசம் அடிச்ச ரேடியேஷன் செவுத்துல ஊறியிருக்குமில்ல? உடனே ஆள் வெச்சு உள்பக்கம் பூராவும் சுண்ணாம்பு அடிச்சேன். ஆறுக்குட்டியே, 'இது எனக்குத் தோணலயே'ன்னாரு.

சுண்ணாம்பு வாடை ஆகலீன்னு சொல்லிட்டு, சித்திரை மாசம் வசந்தா ஊட்டுக்குப் போனா. 'மாங்கா சீசனுங்க. ஊறுகாய் போட்டுட்டு வந்தர்றேன்'னா. 'முருங்கைக்குத் தண்ணி ஊத்துங்க'ன்னு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா.

இப்ப என்ன மாசம்? ஆடி. எந்த ஊருலீங்க ஆடி மாசம் வரைக்கும் மாங்கா ஊறுகாய் போடறாங்க? ஆடி நோம்பிக்குக்கூட வரலீங்க. நான் ஒருத்தனே எலை போட்டு, நானே பரிமாறி, நானே சாப்பிட்டேன்.

கூப்பிடாம இருப்பனா? தினம் கூப்பிட்டேன். அந்த ஊட்டுப் போன்ல யார் கூப்பிடறாங்கன்னு நம்பர் தெரியுதாமா. வசந்தா மகதான் எடுக்கும். 'பெரியப்பாங்களா? பெரியம்மா குளிக்கறாங்க'ங்கும். காலையில கூப்பிட்டாலும் குளிக்கறா, மத்தியானம் கூப்பிட்டாலும் குளிக்கறா, பொழுதோட கூப்பிட்டாலும் குளிக்கறா. பொள்ளாச்சியில தண்ணிக்குப் பஞ்சமே இல்லீங்க. அதை விடுங்க, வயித்தெரிச்சல் என்னன்னா, அந்த ஊட்டுலயும் கார்ட்லெஸ்ஸுதான். ஒண்ணு இல்ல, ரெண்டு.

பையன்கிட்டச் சொன்னேன். 'அப்பா, அம்மா எதுக்குப் போனாங்கன்னு உங்களுக்கு நெசமாலுமே தெரியலீங்களா?'ங்கறான். 'தெரியாம என்னடா, ரேடியேஷன். பாசத்தையே மறக்கடிச்சிருச்சு'ன்னேன். லைன் கட்டாயிருச்சுன்னு நெனைச்சு, 'ஹலோ, ஹலோ'ன்னேன். 'இருக்கறேனுங்கப்பா'ன்னான்.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க, இறங்கிட்டா நீங்க யாரோ நான் யாரோ. எனக்கு அவ இல்லாம முடியலீங்க. ரசம் வெக்கக் கத்துக்கிட்டேன், அதெல்லாம் ஆயிருது. ஆனா பேப்பரைப் பிரிச்சுட்டு நாற்காலியில உக்காந்தா, பக்கத்துல அந்தப் போனு பொம்மையாட்டம் உக்காந்திருக்குது. வேலை செய்யுதான்னு பார்க்கறதுக்கு எடுத்து எடுத்துக் காதுல வெப்பேன். நல்லாத்தான் இருக்குது. வாய் தன்னால, 'என்னவாம்?'னு கேக்க வருது. யாரைக் கேக்கறதுங்க?

அப்பத்தான் இந்த ரோசனை வந்துச்சு. பாருங்க, நீங்களே பிரிச்சுப் பாருங்க. இது வயர் போனு. புதுசு. செவப்புக் கலர், அவளுக்குப் புடிக்கும். கூட இருக்கறது வயரு. கடைக்காரன், 'இவ்வளவு நீளம் எதுக்குங்க, பக்கத்து ஊட்டுக்குக் கனெக்சன் குடுக்கறீங்களா?'ன்னான். நான் செவுத்துல இருந்து கயிறு போட்டு அளந்துட்டுத்தான் போனேன். ஹால், சமையக்கட்டு, பொடக்காளிக் கதவு, அங்க இருந்து முருங்கை மரம். மரத்தைச் சுத்தி வர்றதுக்கும் சேர்த்து விட்டிருக்கறேன். கல்லு மேல உக்காந்து எவ்வளவு நேரம் வேணாலும் பேசலாம். நடக்கலாம். ரேடியேஷனும் இல்ல. எப்படிங்க? ஏன் சிரிக்கறீங்க? வயர் காலைத் தட்டுங்கறீங்களா? தட்டாதுங்க, ஆணி அடிச்சு ஓரமா விட்டுருவேன்.

நான் சொன்னது தப்புன்னு நான் சொல்லலீங்க. கார்ட்லெஸ் ஆகாதுதான். ஆனா மரத்தடியில பேசறது ஆகாதுன்னு நான் எப்பவாச்சும் சொன்னனா? அதை அவகிட்டச் சொல்லணும். அதுக்குத்தான் போறேன். போயி நின்னா மொகம் குடுப்பாளோ மாட்டாளோ, குளிக்கறாம்பாங்களோ என்னமோ. நெஞ்சு படபடன்னு இருக்குதுங்க. இது செல்லால இல்ல, தோல் உறை இருக்குது.

ஏனுங்க, ஒரு ஒத்தாசை பண்ணுவீங்களா? உங்க செல்லுல இருந்து அந்த ஊட்டு நம்பருக்கு ஒரு போன் போடுங்களேன். உங்க நம்பர் அவங்களுக்குத் தெரியாது. இந்நேரத்துக்குச் சமையல் முடிச்சுட்டு அவதான் எடுப்பா. ஒண்ணும் சொல்ல வேண்டாம், 'சிமெண்டு கடைங்களா?'ன்னு கேளுங்க. மத்ததை அவ பார்த்துக்குவா. ஊட்ல இருக்கறாளான்னு தெரிஞ்சாப் போதும். சொல்றேன், அடிங்க.

மணி போகுதுங்களா? எடுத்தாச்சா? அவதானா?

எனக்குக் கேக்குதுங்க... அவதான். அவதான்.

என்னவாம்? எந்த ஊருன்னு கேக்கறாளா? சொல்லுங்க, சொல்லுங்க. என்னவாம்? குழந்தைங்க எத்தனைன்னா? பாருங்க, நான் சொல்லல? ஊடு கட்டறீங்களான்னு கேட்டாளா? ஆமான்னு சொல்லுங்க, கிரகப்பிரவேசத்துக்கு நாங்க வர்றோம். இப்ப என்னவாம்? சிரிக்கறாளா? என்னவாம்?

ஏனுங்க இப்படி மூஞ்சி மாறுது? 'பக்கத்துல என்னவாம் என்னவாம்னு கேக்கறது யாரு'ன்னு கேக்கறாளா?

யாருமில்லேன்னு சொல்லிருங்க. இல்ல, வேண்டாம், பொய் வேண்டாம். அவருதான்னு சொல்லுங்க. பொள்ளாச்சி பஸ்ஸுல வந்துட்டு இருக்கறாருன்னு சொல்லுங்க. வயர் வாங்கியிருக்கறாரு, முருங்கை மரம் வரைக்கும் எட்டும்னு சொல்லுங்க. மரத்தைச் சுத்தி வர்றதுக்கும் சேர்த்துன்னு சொல்லுங்க. செவப்புக் கலருன்னும் சொல்லிருங்க.

சொல்லிட்டீங்களா? என்ன சொல்றா? ஒண்ணும் பேசலீங்களா? வெச்சுட்டாளா? வெக்கல? அப்பச் சரி, கம்முனு இருங்க, அவளாச் சொல்லட்டும்.

என்னது? என்னையா? தள்ளிப் போயி நிக்கச் சொல்றாளா? உங்ககிட்ட விசாரிக்கணுமாமா? என்னைப் பத்தியா? பஸ்ஸுல எங்கீங்க தள்ளிப் போறது?

சரி. சரிங்க. அதுக்கென்ன. முன்னால டிரைவர்கிட்டப் போயி நிக்கறேன். அங்க இருந்தாக் கேக்காது, இஞ்சின் சத்தம். எவ்வளவு நேரம் வேணாலும் பேசட்டும். இந்தப் பையை மட்டும் மடியில வெச்சுக்குங்க. என்னவாம்னு நான் கேக்க மாட்டனுங்க, சத்தியமாக் கேக்க மாட்டேன்.

செல்லை ரொம்ப ஒட்டி வெக்காதீங்க, கொஞ்சம் தள்ளி... சரி சரி, போயிட்டேன், போயிட்டேன். ஒண்ணே ஒண்ணு. தொண்டை கட்டியிருக்குதா, சளி கிளி புடிச்சிருக்குதான்னு மட்டும் கவனிச்சு வையுங்க. அவளாச் சொல்ல மாட்டா.